உரிய தரநிலைப்படி

கொள்முதல் ஆணையின் பதினொன்றாம் பத்தி
ஒரே வரி:
‘தொட்டி உரிய தரநிலைப்படி செய்யப்பட வேண்டும்.’
எது உரியது என்று கேட்டு
மூன்று மின்னஞ்சல் போட்டேன்.
நான்காம் நாள் பதில் வந்தது:
‘பொருந்துவது எதுவோ அது.’
கீழே வணக்கம்.

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ்.
மேலே தகரத்தில் மழை, கீழே கிரைண்டர்,
நடுவில் என் மேசை.

வட்டமாக இருந்திருந்தால்
மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்திருக்கும்.
வட்டத்துக்கு நூல் உண்டு.
எண்ணெய்க்காரர்கள்
கசிந்தும் எரிந்தும் கற்று எழுதிய தடித்த நூல்.
தண்ணீர் தள்ளத் தள்ள
வட்டம் தன்னைத்தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

பொம்மசந்திராவிலோ
பாய்லர் கொட்டகைக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் இடையே
இரண்டேகால் மீட்டர் சந்து.
முலாம் பட்டறையின் கழுவுநீர்
தங்கிப் போக ஒரு பெட்டி வேண்டும்.
ஆறு மீட்டர் நீளம், இரண்டு அகலம்,
ஆள் உயரத்துக்கு மேல் முக்கால் முழம்.
தட்டைச் சுவருக்குத் தன்னைப் பிடிக்கத் தெரியாது.
நீளப் பக்கத்தில் மட்டும்
பதினேழு டன் சாயும்.

அழுத்தக் கலன்களின் தரநிலை
பெட்டிகளைப் பற்றியும் பேசுகிறது.
விலை போட்டுக் காட்டினேன்.
‘கொசுவுக்குக் கோடாலியா?’ என்றார்
முதலாளி தேவய்யா.
போல்ட் போட்டுக் கோக்கும் தொட்டிக்கு
நம் நாட்டுத் தரநிலை இருக்கிறது.
எங்களுடையது வெல்டிங்.
சூத்திரப் புத்தகத்திலோ இரண்டு அட்டவணை:
விளிம்பை இறுகப் பிடித்த தட்டு,
விளிம்பில் சும்மா சாய்ந்திருக்கும் தட்டு.
மூலையில் சந்திக்கும் சுவர்கள் இரண்டும் வளையும்போது
யார் யாரைப் பிடிப்பது?
உண்மை நடுவில் நின்றது,
அட்டவணை இல்லாத இடத்தில்.

மெட்ரோவும் பெட்டிதான்.
தாசரஹள்ளி வரைக்கும்
என் முதுகுதான் அதன் விறைப்புப் பட்டை.

மறுநாள் வரைபடத்தின் வலது மூலையில் எழுதினேன்:
தட்டு, பட்டை: சூத்திரப்படி, சாய்ந்த விளிம்பாகக் கொண்டு.
வெல்டிங், வெல்டர் தேர்வு: அழுத்தக் கலன் தரநிலை.
கசிவுச் சோதனை: எண்ணெய்க்காரர்கள் சொன்னபடி.
பட்டைகளுக்கு நடுவே புடைப்பு: மூன்று மில்லிமீட்டருக்கு மேல் கூடாது.

கடைசி வரிக்கு ஆதாரம்?
தகட்டின் தடிமன் ஆறு.
அதில் பாதிக்கு மேல் வளைந்தால்
என் சூத்திரமே பொய் சொல்லத் தொடங்கும்.
வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல்.
சின்னப் பட்டறை இது,
மூன்று கட்டத்திலும் ப. ஸ்டெல்லா.

வெல்டர் ரஜத் பெஹெரா கஞ்சாம்காரன்.
தொட்டி நிரம்புமுன்
பட்டையிலிருந்து பட்டைக்கு நூல் கட்டினான்,
ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒன்று,
வெள்ளை நைலான், கொத்தனார் கட்டுவது.
நூலுக்கும் தகட்டுக்கும் உள்ள தூரத்தைச்
சாக்பீஸில் தகட்டின் மேலேயே எழுதினான்.
செவ்வகத்துக்கும் நூல் உண்டு போலிருக்கிறது,
இழுத்துக் கட்டத்தான் வேண்டும்.

ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீர் நின்றது.
வெல்டிங்கில் ஒரு சொட்டு இல்லை.
காலையில் அளந்தோம்.
இரண்டு. இரண்டேகால். இரண்டு.
ஐந்தாவது இடைவெளியில் மூன்று.
அல்லது மூன்றேகால்.
ஸ்கேலின் கோடு
நூலின் தடிமனுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.
‘நூலுக்கு மேலேயா கீழேயா, மேடம்?’
குனிந்து பார்த்தேன். ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன்.
‘இன்னொரு பட்டை வை.’

‘இதை எந்தத் தரநிலை சொல்லுது?’
தேவய்யா கேட்டார், இரும்பு விலையை மனதில் வைத்து.
வரைபடத்தின் வலது மூலையைக் காட்டினேன்.
கண்ணாடியைத் தூக்கி வாசித்தார்,
என் பெயரை மூன்று தடவை.

பெஹெரா வால்வைத் திறந்தான்.
தண்ணீர் பட்டறைத் தரையில்
எந்த வடிவமும் இல்லாமல் போனது,
என் செருப்பை நனைத்துக்கொண்டு.